கூண்டு என்று எழுதிவிட்டேன்

சோறு கொதித்து அடங்கும் நேரம்தான் எனக்கு எழுதக் கிடைக்கும் நேரம். மகளுடைய பழைய பள்ளிக்கூட நோட்டின் பின்பக்கங்களில் எழுதுகிறேன். பானை பொங்கினால் எழுந்து போக வேண்டும், சின்னவன் விழுந்தால் ஓட வேண்டும். அதனால் என் வாக்கியங்கள் எல்லாம் குட்டையாகவே இருக்கும். ஒரு பொம்பளை என்னத்தை எழுதிக் கிழிக்கப் போகிறாள் என்று எங்கள் லைன் வீட்டு வரிசையில் கேட்காதவர்கள் கிடையாது. கேட்டவர்களே மறுவாரம் ஊருக்குக் காகிதம் எழுதித் தரச்சொல்லி வாசலில் வந்து நிற்பார்கள். நானும் வாய்க்குள் முனகிக்கொண்டே எழுதித் தருவேன்.

எனக்கு எழுத்து கற்றுத் தந்தது மிஷன் போர்டிங் பள்ளிக்கூடம். அங்கே தமிழ் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா, கடிதத்தில் ஒரு இங்கிலீஷ் சொல் தலைகாட்டினால் கையை நீட்டச் சொல்வார். அந்தப் பிரம்பின் பயம் இன்னும் என் விரலை விட்டுப் போகவில்லை. கல்யாணமாகி இந்தத் தங்க வயலுக்கு வந்தபோது, ஷிப்டு, ஷாப்டு, லெவலு என்று சுரங்கத்து இங்கிலீஷை வாயில் பால் மணம் மாறாததுகூடப் பேசுவதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரே பேசினாலும் என் பேனா அப்படிப் பேசாது என்று ஒரு கர்வம். அந்தக் கர்வத்தைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். ஆண்டவர் அதைக்கூட ஒரு வேலைக்கு எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

என் வீட்டுக்காரர் குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து வேலை தேடி இங்கே வந்தவர். தகப்பன் இல்லாத ஒரே பிள்ளை. வந்த இடத்தில் சபையோடு சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்தார், பிறகு என்னைக் கட்டிக்கொண்டார். அந்தச் சேதியைச் சொல்ல ஊருக்குப் போனவரை அவருடைய அம்மா வாசலிலேயே நிறுத்தினார். "இனிமே உம்மூஞ்சில முழிக்க மாட்டேன், போடா" என்று கதவைச் சாத்திவிட்டார். என்னை அவர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் பிள்ளையை மயக்கியவள் நான்தான் என்று ஊரெல்லாம் சொன்னாராம். ஆளைப் பார்க்காமலே கொடுத்த அந்தப் பட்டம் எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது.

அவர் அம்மாவைப் பற்றி அதிகம் பேசமாட்டார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு நாள், சாப்பிட்டுக் கை கழுவும்போது, "அம்மாவுக்கு எழுதினியா?" என்பார். பதில் வந்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் நான் இல்லை என்று சொல்ல வேண்டி வரும், அதை அவரால் கேட்க முடியாது. ஆறு வருஷம் எழுதினேன். மூங்கில் தட்டி வீட்டிலிருந்து தகரக் கூரை வீட்டுக்கு மாறியதை எழுதினேன். நல்லதை எழுதினேன், எழுதக் கை வராததையும் எழுதினேன். அத்தை ஒரு தடவையாவது வந்து தன் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று அந்த ஆறு வருஷமும் ஜெபமும் செய்தேன். இரண்டுக்கும் பதில் இல்லை. ஆண்டவர் தாமதிப்பதற்குக் காரணம் இருக்கும் என்று சபை ஐயர் பிரசங்கத்தில் சொல்வார். அத்தை தாமதிப்பதற்கு என்ன காரணம் என்று நான் பாயில் உட்கார்ந்தபடி மனதுக்குள் கேட்பேன்.

ஏழாவது வருஷம் அவரை மேலே கல் அரைக்கும் மில் வேலையிலிருந்து சுரங்கத்துக்குள் மாற்றினார்கள். அம்மாவுக்குத் தெரிவித்துவிடு என்றார். அன்று எனக்கு மகா எரிச்சல். மகளுக்கு வயிறு சரியில்லை, விறகெல்லாம் ஈரம். பதில் போடாத மனுஷிக்கு உறை ஒரு கேடா என்று, முதல் தடவையாக ஒரு கார்டை எடுத்தேன். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற இரும்புப் பெட்டியை இங்கே கேஜு என்பார்கள். என் பேனா அந்தச் சொல்லை எழுதுமா? கூண்டு என்று எழுதியது. அந்தக் கார்டு எனக்கு இப்போதும் மனப்பாடம்.

"உங்கள் மகனை இப்போது தினமும் கூண்டில் ஏற்றுகிறார்கள். சாயங்காலம், தங்கம் ஒளித்து வைத்திருக்கிறாரா என்று உடம்பெல்லாம் சோதித்த பிறகே வெளியே விடுகிறார்கள். நீங்கள் பயப்பட வேண்டாம். ஆண்டவர் அவரைக் கைவிட மாட்டார்."

ஒரு இங்கிலீஷ் சொல்கூட இல்லை என்று திருப்தியோடு தபாலில் போட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம். வாசலில் ஒரு அம்மாள், தலையில் துணி மூட்டை, காலெல்லாம் புழுதி. என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, "அவன் வூடு இதானா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. நீங்க யாரு?"

"அவனப் பெத்தவ. எம்புள்ளைய எந்த ஜெயில்ல வெச்சிருக்கறாங்க?"

"ஜெயிலா? இன்னா சொல்றீங்க?"

"மறைக்காதமே. தபால்காரரு கார்டப் படிச்சுச் சொல்லிட்டாரு. தங்கம் திருடினான்னு தெனமும் கோர்ட்டுக் கூண்டுல ஏத்தறாங்களாமே! எம்புள்ள ஒரு மாங்கா திருடினது கெடையாது. மணியக்காரரு கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்திருக்கறாரு, பாரு."

மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் அவருடைய காதைப் பார்த்தேன். கம்மல் இல்லை, வெறும் துளை. வக்கீலுக்குக் கொடுக்கக் கழற்றி முந்தானையில் முடிந்து கொண்டு வந்திருந்தார். என் சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

"அத்த, அது கோர்ட்டுக் கூண்டு இல்ல. கேஜு."

"கேஜுன்னா?"

அவ்வளவு தமிழ் படித்தும் எனக்கு அதை விளக்கத் தெரியவில்லை. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவரைச் சுரங்க வாசலுக்கே கூட்டிப்போனேன்.

சாயங்காலம் ஷிப்டு முடிந்து சங்கு ஊதியது. இரும்புக் கயிறு மேலே ஓட, கேஜு வந்து நின்று கதவு திறந்தது. தலை முதல் கால் வரை கல்தூளோடு ஆட்கள் இறங்கினார்கள். "அய்யோ, கூண்டேதான்" என்றார் அத்தை. வரிசையில் என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சோதனைக்கு நின்றபோது எங்களைப் பார்த்துவிட்டார். கையை இறக்க முடியாது, வரிசையை விட்டு வரவும் முடியாது. தூக்கிய கை தூக்கியபடி இருக்க, கண்ணீர் மட்டும் கல்தூளில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. அதை அத்தையும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

வெளியே வந்து, "வாம்மா. எப்ப வந்த?" என்றார். அத்தை அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். "உயிரக் கையில புடிச்சிகினு ரயிலேறி வந்தேன்டா. நல்லா எழுதறா உம்பொண்டாட்டி!"

அன்றையிலிருந்து எங்கள் லைனில் எனக்குக் கூண்டம்மா என்று பெயர். எத்தனையோ பேர் கேலி செய்துவிட்டார்கள், நான் கோபப்பட்டதில்லை. இலக்கணம் பிசகாமல் ஆறு வருஷம் கேட்டது கிடைக்கவில்லை. என் கர்வமும் எரிச்சலும் கூட்டுச் சேர்ந்து செய்த ஒரு தப்பில் கிடைத்தது. உறையில் போட்டிருந்தால் தபால்காரர் படித்திருக்க மாட்டார். கேஜு என்று எழுதியிருந்தால் யாருக்கும் புரிந்திருக்காது. என் நல்ல குணம் எதுவும் இதில் உதவவில்லை என்பதால் ஆண்டவருக்கு நன்றி சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் மனம் நிறைந்து சொல்கிறேன்.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போன பிறகு, அத்தை தன் மூட்டையை அவிழ்த்தார். உள்ளே என் கடிதங்கள். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. விதைப் பானையில் போட்டு வைத்திருந்தாராம், உறைகளில் கேழ்வரகு ஒட்டியிருந்தது.

"யார்கிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாமே அத்த?"

"கேட்டா மனசு எளகிடும்னு பயம். தூக்கிப் போடவும் மனசு வரல." உறைகளை என் பக்கம் தள்ளி, "நீதானே எழுதின. நீயே படி" என்றார்.

தபால் முத்திரையைப் பார்த்து வரிசையாக அடுக்கினேன். நான் எழுதியதை நானே ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தேன். அத்தை காலை நீட்டி உட்கார்ந்து கேட்டார். தட்டி வீடு மழையில் ஒழுகி, நாங்கள் இரண்டு பேரும் ஒரே குடையின் கீழே உட்கார்ந்து சாப்பிட்ட கதைக்கு வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த கடிதத்தில் எங்களுக்குத் தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தது வந்தது. அத்தைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பேரப்புள்ளயா! எங்க அவன்? நேத்துலேருந்து கண்ல படலியே. வெளையாடப் போயிருக்கறானா?"

அதற்கு அடுத்த கடிதம் என் கையில் இருந்தது. உறையைக் கிழித்துப் படித்தேன். எட்டு மாதம் இருந்தான், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான் என்று நல்ல தமிழில்தான் எழுதியிருந்தேன். எனக்குத் தாய் இல்லை, நீங்களாவது ஒரு தடவை வாருங்கள் என்று கடைசி வரியில் இருந்தது. அப்படி எழுதியதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அத்தை மீதிக் கடிதங்களை மூட்டையிலேயே திரும்ப வைத்தார். "எங்க வெச்சிருக்கறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

கோயிலை ஒட்டியிருந்த சபைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். எங்கள் கோயில் நிழலைக்கூட மிதிக்கமாட்டேன் என்று முந்தின நாள் ராத்திரிகூடச் சொல்லியிருந்தவர், வாசலில் நிற்காமல் எனக்கு முன்னால் நடந்தார். சின்ன மரச் சிலுவையைக் காட்டினேன். அதன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, பிள்ளையைத் தூங்க வைப்பதுபோல அந்த மேட்டைத் தட்டிக்கொடுத்தார்.

"ஆயா வந்துட்டேன்டா கண்ணு. லெட்டரு இன்னிக்குத்தான்டா படிச்சாங்க."