அவர் காருக்குள் இருந்த பத்து நிமிடம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, திருச்செங்கோட்டில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் நடந்தது இது. நான் அரசுப் பள்ளி ஆசிரியை. கணவர் துணி வியாபாரத்துக்காக வாரத்தில் நான்கு நாள் வெளியூரில் இருப்பவர். பள்ளிக்குப் போக பஸ்ஸுக்கு நின்று நின்று அலுத்துப்போய், நாற்பத்தொரு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீட்டுக்காரர் தன் காரை விற்கப்போவதாகத் தெரிந்தது. மேட்டூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். கண்ணில் அறுவை சிகிச்சை நடந்ததால், இனி ஓட்ட வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாளாம். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். தெரிந்த மனிதர், ஒருவரே வைத்து ஓட்டிய வண்டி என்று யோசிக்காமல் வாங்கினோம்.

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் மீட்டருக்குப் பக்கத்தில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. கூட வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர் சொன்னார் என்று சேலத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் ஸ்கேனரைச் சொருகினால் காரில் இருக்கும் கம்ப்யூட்டர் என்ன கோளாறு என்று சொல்லிவிடும். அவர் சொருகினார். தொடர்பு கிடைக்கவில்லை என்று திரையில் வந்தது. கழற்றி மாட்டினார், அதேதான். வேறொரு ஸ்கேனர் கொண்டுவந்தார். அதிலும் அதேதான்.

வண்டியை யாரிடம் வாங்கினேன், எவ்வளவு நாளாகத் தெரியும் என்றெல்லாம் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஓடுன கிலோமீட்டரைக் கொறச்சுக் காட்ட மீட்டரைத் திருப்பி வச்சிருப்பாங்க மேடம். ஸ்கேனர் போட்டா மாட்டிக்குவோம்னு இந்த ஒயரை வெட்டி விட்ருவாங்க. நான் நெறைய பார்த்திருக்கேன்” என்றார். கம்ப்யூட்டரே போயிருக்கலாம், வண்டியை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள் என்றும் சொன்னார்.

நான் வண்டியை விடவில்லை. இவர் ஏன் இவ்வளவு சீக்கிரம் கம்ப்யூட்டரை மாற்றச் சொல்கிறார் என்று அவர் மேலும் சந்தேகம். வீடு வந்து சேரும்வரை ஒரு நேரம் மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று தோன்றும், ஒரு நேரம் காரை விற்ற அண்ணாதான் ஏமாற்றிவிட்டார் என்று தோன்றும்.

வீட்டில் சொன்னபோது மாமியார் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“வண்டி வாங்குன மறு வாரம் அவரு வந்தாரு சாமி. மழைன்னு நீ அன்னைக்கு பஸ்ஸுல போயிட்ட. ஒண்ணு மறந்துட்டேன், வண்டிச் சாவியக் குடுங்கன்னு வாங்கீட்டுப் போனாரு. பத்து நிமிசம் உள்ள இருந்தாரு. ஸ்டீயரிங்குக்கு அடியில தலையக் குனிஞ்சுட்டு என்னமோ பண்ணீட்டு இருந்தாரு.”

அந்தச் சாக்கெட் இருப்பதும் ஸ்டீயரிங்குக்கு அடியில்தானே.

அதற்குப் பிறகு அவர் செய்த எல்லாமே வேறு மாதிரித் தெரிந்தன. தினமும் காலையில், வண்டி நல்லா ஓடுதுங்களா அம்மிணி என்று கேட்பார். அக்கறை என்று நினைத்திருந்தேன். விற்ற காரைப் பற்றி ஒரு மனிதர் தினமும் ஏன் விசாரிக்க வேண்டும்? கண் சரியில்லை என்கிறவர் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறாரே? யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றும் ஒன்றோடொன்று பொருந்திப் போனது. பொருந்தியதாலேயே உண்மை என்று நம்பினேன்.

நேராக அவரிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் மழுப்புவார், உஷாராகிவிடுவார் என்று நினைத்தேன். அன்று மாலை எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் மூன்று வரி எழுதினேன். தெரிந்தவர் என்று நம்பிப் பழைய கார் வாங்காதீர்கள், முகத்தைப் பார்த்து யாரையும் நம்ப முடியாது, அனுபவப்பட்டுச் சொல்கிறேன் என்று. பெயர் போடவில்லை. ஆனால் யாருடைய காரை யார் வாங்கினார்கள் என்று தெருவுக்கே தெரியும். ஆறுதலாகப் பலர் பதில் போட்டார்கள். அரை மணி நேரத்தில் நடுவே ஒரு வரி வந்தது. அவர் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். பார்த்தாயா, குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே அவர் வந்து கேட்டருகில் நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

“அம்மிணி, வண்டில என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியாதுங்க. நீங்களே ஒரு ஆளப் பாருங்க. எனக்குத் தெரிஞ்ச ஆளு வேண்டாம். நாந்தான் தப்புப் பண்ணுனேன்னு அந்த ஆளு சொல்லீட்டா, வண்டிய நானே திருப்பி எடுத்துக்கறேன்.”

இதுவும் ஒரு நாடகமோ என்றுதான் தோன்றியது. அவரைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு சங்ககிரி ரோட்டில் ஓட்டினேன். லாரிக்கும் போர் போடும் ரிக் வண்டிக்கும் வேலை பார்க்கும் பட்டறைகள் வரிசையாக இருக்கும் இடம். அவர் முன்கூட்டியே யாரிடமும் சொல்லி வைத்திருக்க முடியாதபடி, நான்கைந்து பட்டறைகளைத் தாண்டிப் போய்ச் சட்டென்று ஒன்றில் நிறுத்தினேன்.

அங்கிருந்த எலக்ட்ரீஷியனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். லாரி ஒன்றின் பேட்டரியைக் கழுவிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் குனிந்ததும் நான் போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தேன். பிறகு பேச்சு மாறிவிடக் கூடாதல்லவா?

அவர் தன்னிடமிருந்த சின்ன ஸ்கேனரைச் சொருகினார். அதில் விளக்கே எரியவில்லை. சேலத்தில் பார்த்த ஸ்கேனர்களுக்குள் பேட்டரி இருந்திருக்கிறது. இவருடையது அந்தச் சாக்கெட்டிலிருந்துதான் கரண்ட் எடுக்குமாம். சாக்கெட்டுக்கே கரண்ட் வராதபோது எந்த ஸ்கேனர் போட்டும் பிரயோஜனமில்லை என்றார். டெஸ்ட் லேம்பை வைத்துப் பார்த்தார், அதுவும் எரியவில்லை.

“ஒயரை யாராவது வெட்டியிருக்காங்களா?” என்று கேட்டேன். பின்சீட்டுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகக் கேட்டேன்.

அவர் டார்ச் அடித்து, ஒயரைக் கையால் தடவிப் பார்த்தார். “கம்பெனில போட்டது போட்டபடியே இருக்குதுங்க. யாரும் கை வெக்கல” என்றார். போன் சார்ஜ் ஏறுகிறதா என்று கேட்டார். இரண்டு வாரமாக ஏறவில்லை, சார்ஜர் போய்விட்டது என்று நினைத்தேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஒன்றை உருவிக் காட்டினார். கருகியிருந்தது. இந்தக் காரில் சார்ஜர் மாட்டும் ஓட்டைக்கும் ஸ்கேனர் சாக்கெட்டுக்கும் ஒரே ஃபியூஸ்தானாம். புதிதாக ஒன்று போட்டார். உடனே அதுவும் போனது.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, சார்ஜர் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். மூக்குக் குறடை உள்ளே விட்டு மெதுவாக எதையோ இழுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பாதி கருகிப்போன ஓர் ஊக்கு.

அது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. என் புடவை ஊக்கு. சீட் பெல்ட் போட்டால் இடுப்பில் அழுத்துகிறது என்று, பள்ளி விட்டு வரும்போது கழற்றி கியருக்கு முன்னால் இருக்கும் தட்டில் போடுவேன். தட்டின் ஓரத்திலேயே மூடியில்லாத அந்த ஓட்டை இருக்கிறது. மறுநாள் ஊக்கு கிடைக்காவிட்டால் வேறொன்று குத்திக்கொள்வேன். எல்லாமே என் கையிலிருந்த போனில் பதிவாகிக்கொண்டிருந்தது.

எலக்ட்ரீஷியன் எழுந்திருக்காமல் இன்னும் கீழேயே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தக் கால் மேட்டை யாருங்க கட்டுனது? நல்ல வேலைங்க. சும்மா போட்டிருந்தா முன்னால நகந்து போயி பிரேக்குக்கு அடியில சிக்கிக்கும்.”

எட்டிப் பார்த்தேன். என் காலடியில் கிடந்த மேட், சீட்டின் கம்பியோடு இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. இரண்டு மாதமாக அதன் மேல் கால் வைத்து ஓட்டியிருக்கிறேன், கவனித்ததே இல்லை.

பின்சீட்டிலிருந்து அவர் குரல் வந்தது. “நாந்தானுங்க. மேட்டூர் ரோட்டுல எனக்கே ஒருக்கா அப்படிச் சிக்கிக்கிச்சு. கட்டித்தான் வண்டியக் குடுக்கோணும்னு இருந்தேன், மறந்துட்டேன். அம்மிணி புதுசா ஓட்டறவங்க, சொன்னா பயந்துக்குவாங்கன்னு நானே வந்து கட்டீட்டுப் போனேன்.”

ஓட்டையைச் சுத்தம் செய்து வேறு ஃபியூஸ் போட்டதும் ஸ்கேனர் உயிர் பெற்றது. புகைக்குழாயில் இருக்கும் ஒரு சென்சார் பழுது, மஞ்சள் விளக்குக்கு அதுதான் காரணம். கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த ஓட்டமும் மீட்டரில் இருந்த ஓட்டமும் ஒன்றாகவே இருந்தன. எலக்ட்ரீஷியன் எதேச்சையாகத்தான் அதைச் சொன்னார். எனக்கு அந்தப் பட்டறையில் நிற்கவே கூசியது.

திரும்பி வந்து அவர் வீட்டு வாசலில் நிறுத்தி, “அண்ணா, என்னை மன்னிச்சிருங்க” என்றேன்.

அவர் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலருகே குனிந்தார். “ஊக்கு உழுந்ததுல என்னங்க இருக்குது? ஆனா ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமுங்க அம்மிணி.”

அன்றே அதே குழுவில் நடந்ததை ஒன்று விடாமல் எழுதினேன். ஊக்கையும் படம் எடுத்துப் போட்டேன். பதிலாகக் கும்பிடும் கை எமோஜிகள் வரிசையாக வந்தன. குழுவை நடத்துபவர் திரும்பச் சேரச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டும் அவர் சேரவில்லை. ஒரு வாரம் கழித்துப் பால் வாங்கும் இடத்தில் தெருக்காரப் பெண் ஒருவர் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய், நீங்கள் பெருந்தன்மையாக எழுதிவிட்டீர்கள், ஆனாலும் அந்த ஆளிடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்றார். தப்பு என்னுடையது என்று அங்கேயே நின்று கால் மணி நேரம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், நம்பியதாகத் தெரியவில்லை.

யார் மேலாவது சந்தேகம் வந்தால் இப்போதெல்லாம் முதலில் அவர்களிடமே போய்க் கேட்டுவிடுகிறேன். ஆனால் அன்று நான்கு வீடு தள்ளிப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்க எனக்கு ஏன் மனம் வரவில்லை என்பதற்கு மட்டும் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.