பிடுங்கிய பிளக்கும் மரியாதைக்கார டிரைவரும்

என்ன வேலை என்று கேட்பவர்களிடம் கம்ப்யூட்டர் என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். ஒரு சாதனத்தைக் கழற்றும்போது கெர்னல் டிரைவருக்குள் ஓடும் ஃபங்ஷனைச் சுத்தம் செய்கிறேன் என்றால் எவன் பெண் கொடுப்பான்?

தாராவியில் அக்கா வீட்டு மாடியில் பள்ளிச் சீருடை தைக்கிறார்கள். சைஸ் ஸ்டிக்கர் அடிக்க ஒரு பிரிண்டர், அதற்கு நான் லினக்ஸ் போட்டுக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர். இருப்பதோ ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டு. இஸ்திரிப் பெட்டிக்கு இடம் வேண்டுமென்றால் கையில் அகப்பட்ட பிளக்கைப் பிடுங்குவதுதான் அங்கே சட்டம். பிரிண்டர் பிளக் போனால் கம்ப்யூட்டரும் அப்படியே நின்றுவிடும். இதனாலேயே சரக்கு தாமதமாகி, இன்னொரு தடவை இப்படி ஆனால் ஆர்டர் வேறு ஆளுக்கு என்று சீருடை வாங்கும் கிங்ஸ் சர்க்கிள் கடைக்காரர் சொல்லிவிட்டார். அக்கா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த சரக்கு போக வேண்டிய அன்று காலையில் போய், பிரிண்டரை இயக்கும் புரோகிராமான டிரைவரைத் திறந்து பார்த்தேன். எழுதின புண்ணியவான் பரம மரியாதைக்காரன். பிரிண்டரைக் கழற்றினால், "அச்சடித்துக்கொண்டிருக்கிறேன், இப்போது முடியாது" என்று ஒரு பிழை எண்ணைத் திருப்பிக் கொடுக்கிறான்; எதையும் நிறுத்துவதில்லை. அந்த எண்ணைக் கம்ப்யூட்டரின் உள்மூளையான கெர்னல் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. விருந்தாளி தெருமுனை தாண்டிய பிறகு, காபி குடிக்காமல் போகக்கூடாது என்று வாசலில் நின்று பிடிவாதம் பிடிக்கிற மாதிரி. இல்லாத பிரிண்டருக்கு வேலை போய்க்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டர் மண்டையைப் போடும்.

அந்த எண்ணைத் தூக்கினேன். ஓடுகிற வேலையை நிறுத்து, பிடித்துவைத்த நினைவகத்தை விடு, பேசாமல் போ என்று அதன் இடத்தில் எழுதினேன். அவ்வளவுதான்.

"முடிஞ்சிட்டா, லே? டெம்போ வந்துட்டு!" என்று அக்கா கத்தினாள். கடைசிக் கட்டு ஸ்டிக்கர் பாதி வந்திருந்தது. அத்தான் இஸ்திரிப் பெட்டியோடு வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் பிரிண்டர் பிளக்கைப் பிடுங்கினார்.

"அய்யோ, போச்சு!" என்று அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிளக்கைச் செருகினேன். மீதி ஸ்டிக்கர் வந்தது. சரக்கு போனது.

டெம்போ கிளம்பியதும் அக்கா மேலே வந்து, சும்மாவே ஸ்டிக்கர் அடிக்க விட்டு, நடுவில் பிளக்கைப் பிடுங்கினாள். செருகினாள். திரும்பப் பிடுங்கினாள்.

"எக்கா, ஸ்டிக்கர் வேஸ்டாவுது" என்றேன்.

"சும்மா கெட, லே. ஒரு வாரமா என்னைய என்ன பாடு படுத்திச்சு இது" என்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பிடுங்கினாள்.