ஆளில்லாத மனைகளில் லாவோஸ்

லாவோஸ் என்று ஒரு தேசம் இருப்பதே எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன். செம்மண் சாலையில் இரண்டு பெண்கள் பைக் ஓட்டிப் போகும் காணொளி வந்தது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் அகலமான பழுப்பு ஆறு. பக்கத்தில் படுத்திருந்த என் நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"மதினி, இந்தப் புழுதியப் பாருங்க. நம்ம எரியோடு ஊர்ப் பக்கம் மாதிரியே இருக்கு."

"ஆறு?"

"ஆறுதான் நம்மகிட்ட இல்ல," என்றாள். செத்த நேரம் கழித்து, "போவமா?" என்றாள்.

அவள் என் கணவரின் தங்கை. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறாள். விடியுமுன்பே எழுந்து பறித்த பூ மூட்டையைக் காலையில் பைக்கில் கட்டிக்கொண்டு திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு வருவாள்; போட்டுவிட்டு எங்கள் வீட்டில் காப்பி. நான் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். எனக்கு ஓட்டத் தெரிந்தது ஸ்கூட்டி மட்டும்தான்.

விளையாட்டுப் பேச்சு எப்போது திட்டமானது என்று சொல்லத் தெரியவில்லை. மைக்ராஸ்கோப்பில் குனிந்திருப்பேன்; கண்ணுக்குள் அந்த ஆறு நகர்ந்துகொண்டிருக்கும். தோட்டத்திலிருந்து அவள் குரல் வரும்: "மதினி, அங்க ஒட்டுற சோறுதான் திம்பாங்களாம், கையால உருட்டி. வெஞ்சனம் என்னன்னு பாருங்க." சாப்பாட்டு வேளையில் தேடிப் படித்து, மீன், தழை, மிளகாய் என்று பதில் அனுப்புவேன். தலைநகர் வியன்டியானில் பைக் வாடகைக்கு எடுத்து, வடக்கே லுவாங் பிரபாங் வரை ஏறி, பிறகு மேகாங் ஆற்றை ஒட்டியே தெற்கே இறங்குவது என்று வழி வகுத்தோம். அந்த ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பார்ப்பதே வாய்க்கு இதமாக இருந்தது.

அங்கே சாலையின் வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்று தெரிந்தபோதுதான் இருவரும் கொஞ்சம் விழித்தோம். பழக ஓர் இடம் வேண்டுமே. அவள் தோட்டத்துக்கு அப்பால் மனை விற்பதற்காகப் போட்ட இடம் ஒன்று இருந்தது. நுழைவு வளைவு, தார்ச்சாலைகள், வெள்ளையடித்த எல்லைக்கற்கள், வெளுத்துப்போன கொடிகள் எல்லாம் இருந்தன. வீடு மட்டும் ஒன்றுகூட எழும்பவில்லை. எனக்கு விடுமுறையான நாட்களில் காலையில், அவள் பூவைப் போட்டுவிட்டு வந்ததும், அங்கே போவோம். கற்களுக்கு நடுவே புல் முளைத்திருக்கும். பனி விலகாத நேரத்தில் தூரத்து மலை எந்த நாட்டு மலை என்று தெரியாது. அவளுடைய பைக்கில் கியர் போடக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு லாவோஸ் ஊரின் பெயர் வைத்தோம். வலப்பக்கமாகவே மெல்லச் சுற்றுவோம்.

ஆடு மேய்க்க வந்த அம்மா ஒருத்தி ஒருநாள் எங்களை நிறுத்தினாள். "ஏத்தா, அம்புட்டு ரோடு கெடக்கு. எதுக்குத் தப்பான பக்கமாவே போறீங்க?"

"இது வேற நாடு பெரியம்மா," என்றாள் நாத்தனார்.

"அப்ப என் ஆடு?"

"அதுவும் இந்த நாட்டு ஆடுதான்."

அந்த அம்மா சிரித்தபடி ஆடுகளை ஓட்டிப் போனாள்.

ஒரு காலையில் பழகி முடித்துக் கிளம்பினோம். அவள் முன்னால், நான் ஸ்கூட்டியில் பின்னால். வளைவைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறியவள், நிதானமாக வலப்பக்கமே போனாள். எதிரே ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து பஸ். என் கூச்சல் அவளுக்கு எட்டவில்லை, ஹாரன் எட்டியது. ஓரத்தில் இறக்கி, முள்ளுக்குள் பைக்கோடு சாய்ந்தாள். டிரைவர் பஸ்ஸை நிறுத்தித் தலையை நீட்டினார். "ஏனுங்க, வீட்டுக்குப் போக வேண்டாமுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. நான் பைக்கை முள்ளிலிருந்து இழுத்து நிறுத்தினேன்.

"மதினி," என்றாள் மண்ணில் உட்கார்ந்தபடி, "நெசமாவே அங்கதான் இருந்தேன். கைக்குப் பக்கத்துல ஆறு வந்துச்சு."

வீட்டில் மருந்து போடும்போது என் கணவர் பார்த்துவிட்டார். நடந்ததைச் சொன்னோம். அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் தங்கையின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எப்பப் போறீங்க?" என்றார்.

அதுவரை எங்களுக்கு ஒரு தேதியே இருக்கவில்லை.

"கவாத்து முடிச்சிட்டு," என்றாள் அவள்.

மல்லிகைச் செடியை மார்கழிவாக்கில் கவாத்து வெட்டிவிட்டால், மறுபடி துளிர்த்துப் பூக்கும்வரை பறிப்பு இல்லை. அந்த இடைவெளிதான் அவளுக்கு விடுமுறை. லாவோஸிலும் அப்போது மழையில்லாத குளிர்காலம்.

"தோட்டத்துக்குத் தண்ணி நான் பாத்துக்கிறேன்," என்றார் அவர்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஆர்.டி.ஓ. ஆபீசில், கல்லூரிப் பையன்களுக்கு நடுவே நின்று நானும் பைக்கில் எட்டுப் போட்டேன். இருவருக்கும் வெளிநாட்டு ஓட்டுநர் அனுமதி வந்தது.

கவாத்து முடிந்த அன்று சாயங்காலம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். செடிகளெல்லாம் முழங்கால் உயரத்துக்கு மொட்டைக் குச்சிகளாக நின்றன. வரப்பில் உட்கார்ந்து முறுக்குத் தின்றோம்.

"அங்க மல்லி இருக்குமா மதினி?"

"தெரியல. அரளி மாதிரி ஒண்ணு, சம்பான்னு சொல்றாங்க, அதுதான் எங்க பாத்தாலும் இருக்குமாம்."

"நல்லதாப் போச்சு. மல்லி வாசமே இல்லாம, விடிஞ்ச பெறகும் தூங்கணும்," என்றாள்.

பொங்கல் முடிந்த வாரத்தில் திருச்சியில் விமானம் ஏறினோம். கீழே காவிரி தெரிந்தது. காட்டலாமென்று திரும்பினேன், வாயை லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை.