அரைப் பக்கமும் நாலு வரியும்

அண்ணன் ஆறு வருஷம் அலைந்து ஒரு படம் எடுத்தான். லிஃப்ட் பழுது பார்க்கிற ஒருவனின் கதை. விளம்பரத்துக்கு ஆள் வைக்க வழியில்லை. வெப் டிசைனரான தங்கையிடமே வந்து நின்றான். "குட்டி, படத்துக்கு ஒரு வெப்சைட் பண்ணிக் குடுடி." முப்பத்திரண்டு வயதாகியும் வீட்டில் அவள் குட்டிதான்.

ஆபீஸ் விட்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்தாள். திரையில் லிஃப்ட் பொத்தான்கள். எந்த மாடியை அழுத்தினாலும் கதவு திறந்து, அந்த மாடியின் சத்தம் கேட்கும். மூன்றாவதில் தையல் மிஷின். ஐந்தாவதில் புருஷன் பெண்டாட்டி சண்டை. அதற்குக் குரல் கொடுத்தது அண்ணனும் அவளும்தான். நிஜச் சண்டை என்று நினைத்து அம்மா கரண்டியோடு ஓடிவந்து கத்தினாள். அதுவும் பதிவாகி ஆறாவது மாடிக்குப் போனது.

படம் நாலே நாள் ஓடியது. பேப்பரில் அதற்கு நாலு வரி விமர்சனம்.

அடுத்த வாரம் அதே பேப்பரிலிருந்து குட்டிக்குப் போன் வந்தது. வெப்சைட்டைப் பற்றி எழுதப்போகிறார்களாம். இருபது நிமிஷம் பேசினாள். பேசியதெல்லாம் அண்ணனைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை அவள் போட்டோவோடு அரைப் பக்கம் வந்தது. அண்ணனைப் பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தைகூட இல்லை. பேப்பரை எங்கே ஒளிப்பது என்று அவள் யோசிப்பதற்குள் அவன் கைக்குப் போய்விட்டது.

அம்மாவுக்குக் கண் மங்கல். "நீ படிடா. தங்கச்சியைப் பத்தி என்ன போட்டிருக்கான்?"

அவன் நிதானமாகப் படித்தான். எதையும் விடவில்லை. "'படத்தில் தேடியும் கிடைக்காத உயிர் இந்த வெப்சைட்டில் இருக்கிறது.'"

அம்மா காதில் விழுந்தது மகளின் பெருமை மட்டும்தான். "உயிர் இருக்குன்னா போட்டிருக்கான்? அந்த இடத்தை இன்னொரு தடவை படி."

இன்னொரு தடவையும் படித்தான்.

அண்ணன் அடுத்த கதையை எடுத்துக்கொண்டு ஒரு தயாரிப்பாளரிடம் போனான். பாதி கேட்டவர், "உங்க தங்கச்சி நம்பர் இருக்கா? நம்ம படத்துக்கும் ஒரு வெப்சைட் பண்ணணும்" என்றார். கொடுத்துவிட்டு வந்தான். அவர் கூப்பிட்டபோது குட்டி முடியாது என்றாள். விஷயம் அண்ணன் காதுக்கு எட்டியது.

"எதுக்கு வேணாம்னு சொன்ன?"

"பிடிக்கல."

"எனக்காகத்தானே? நீ பாத்துப் பரிதாபப்படற அளவுக்கு ஆயிட்டேனா நான்?"

இந்த முறை அம்மா ஓடிவரவில்லை. சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அந்த மாதமே அவன் வேறு ஊருக்குப் போய், கல்யாண வீடியோ எடுக்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தான். வாரா வாரம் அம்மாவிடம் பேசுவான். "அவ நல்லா இருக்காளா?" என்று கேட்பான். "பக்கத்துலதான் இருக்கா, குடுக்கட்டுமா?" என்றால், "வேணாம், வேலையா இருப்பா."

குட்டிக்கு அந்த அரைப் பக்கத்தால் வேலைகள் குவிந்தன. ஆனால் தான் செய்தவற்றின் பட்டியலில் அந்த வெப்சைட்டை அவள் சேர்ப்பதேயில்லை.

மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் அவனைத் தேடிப் போனாள். கடைக்கு மேலே ஒற்றை அறை. அவனுக்கு முன்மண்டையில் முடி கொட்டியிருந்தது. டீ போட்டுக் கொடுத்தான், அம்மாவின் முட்டிவலியை விசாரித்தான், எலும்பும் தோலுமாகிவிட்டாய் என்று அவளைத் திட்டினான். எல்லாம் பழைய அண்ணன்தான். "ஏதாவது எழுதறியாண்ணா?" என்று கேட்டதும் மட்டும் டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டான். இரண்டு டம்ளர் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "போய்ச் சேந்ததும் அம்மாவை ஒரு போன் பண்ணச் சொல்லு."

"நானே பண்றேனே."

அவன் டிரைவர் பக்கம் பார்த்தான். வண்டி கிளம்பியது.

வீட்டுக்கு வந்து அவளேதான் பண்ணினாள். மணி முழுக்க அடித்து நின்றது. ஐந்து நிமிஷத்தில் அம்மாவின் போன் அடித்தது.

"குட்டி வந்து சேந்துட்டாளாம்மா?"