நழுவாத வில்லை

மூட்டுவாதம் கண்ட என் கணவரின் விரல்களிலிருந்து, ஆலயத்தில் கீர்த்தனையின் நடுவே, கிதார் மீட்டும் சிறு பிளாஸ்டிக் வில்லை நழுவி, கிதாரின் நடுத்துளைக்குள் விழுந்துவிடும். அவர் கிதாரைக் கவிழ்த்துக் குலுக்குவார்; பின்வரிசைப் பிள்ளைகள் சிரிப்பார்கள். மருத்துவர் சொற்படி மழைக்காலம் முழுவதும் கிதாரைத் தொடாதிருந்தவர், கிறிஸ்துமஸ் ஆராதனையில் எப்படியும் வாசித்துவிட வேண்டும் என்று, நழுவாத வில்லை தேடிப் பாளையத்து இசைக்கருவிக் கடைக்கு என்னையும் அழைத்துச் சென்றார்.

கட்டைவிரலில் மாட்டிக்கொள்ளும் வகையை மலையாளிக் கடைக்காரர் முதலில் கொடுத்தார். வீங்கிய கணுவைத் தாண்டி அது ஏறவில்லை.

"சாரே, மோதிரம் ஏறாத மாப்பிள்ளை போலே நிக்காதிங்கோ. இந்தக் கட்டியுள்ளதை நோக்குங்கோ" என்று, இருபுறமும் சைக்கிள் ட்யூப் ரப்பர் ஒட்டிய தடித்த வில்லையைத் தந்தார்.

என் கணவர் கடையிலிருந்த ஒரு கிதாரை எடுத்து, தந்திகளை அழுத்தாமல் வெறுமனே ஓங்கி மீட்டினார். வில்லை அசையவில்லை. "இனி குலுக்க வேண்டாம், கேட்டியா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கீர்த்தனையைத் தொடங்கினார். ஒலி எழவில்லை. இடக்கை விரல்களால் தந்தியை அழுத்த முடியவில்லை. மீண்டும் முயன்றார், தந்தி கட்டையாக முனகியது. அந்தக் கையைப் பற்றி நாங்கள் எண்ணியிருக்கவே இல்லை.

கடைக்காரர் குனிந்து மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

"நல்ல சாதனம்தான்" என்று வில்லையை மேசைக் கண்ணாடிமேல் வைத்தார் என் கணவர். "வேற ஆருக்காவது குடுங்க."