அச்சுக்காரரின் கட்டைவிரல் நகம்

பல்செட் செய்கிற பட்டறையில் அவருக்கு அச்சுக்காரர் என்று பெயர். நோயாளியைப் பசையில் கடிக்கச் சொல்லி டாக்டர்கள் எடுத்தனுப்பும் பதிவில், பாரிஸ் சாந்து என்கிற வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி, காய்ந்ததும் பிரித்தெடுப்பது அவர் வேலை. யாரோ ஒருவருடைய ஈறும் பல்லும் அப்படியே மேஜைமேல் வந்து உட்காரும். பசையில் காற்றுக்குமிழி இருந்துவிட்டால், அச்சில் அந்த இடம் கடுகளவு வெள்ளை முண்டாக எழும்பி நிற்கும். மற்றவர்கள் அதைச் சுரண்டச் சின்னக் கத்தியைத் தேடுவார்கள். அச்சுக்காரர் வலது கட்டைவிரல் நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவார், முண்டு போய்விடும். அதற்கென்றே அந்த நகத்தை வளர்த்து வைத்திருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பட்டறையை விட்டு வெளியே வந்தால் அவர் பாதி டாக்டர். தெருவில் யாருக்குப் பல்வலி வந்தாலும் கேட்காமலே யோசனை சொல்வார். "எத்தனை வாயைப் பார்த்தவன் நான்!" என்பார். பார்த்தவர்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் பார்த்த வாய்களில் ஒன்றுகூட அழுததில்லை.

பேத்திக்கு மூன்று மாதம். மகளும் குழந்தையும் அவரோடுதான் இருந்தார்கள். மருமகனுக்கு வெளியூரில் வேலை. ஒரு சாயங்காலம் அவர் கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் மகள் குழந்தையை மடியில் போட்டாள்.

"அப்பா, இவ ஈறுல என்னவோ வெள்ளை வெள்ளையா இருக்கு. நீங்கதான் பல்லு நிபுணராச்சே, பாருங்க. நான் கொடியில காயற துணிய எடுத்துட்டு வந்துடறேன்."

நிபுணர் என்ற சொல்லிலேயே அவர் பாதி குளிர்ந்துவிட்டார். ஜன்னல் பக்கம் திரும்பி, குழந்தையின் கீழுதட்டை மெல்ல இழுத்துப் பார்த்தார். ஈறின் மேட்டில் கடுகளவில் இரண்டு வெள்ளை முண்டுகள். பகலெல்லாம் பார்த்துவிட்டு வந்த அதே முண்டுகள். கட்டைவிரல் அவரைக் கேட்கவில்லை. ஒரு சுண்டு.

ஒரு முண்டு கிழிந்து ரத்தம் துளிர்த்தது. குழந்தை ஒரு கணம் மூச்சுப் பிடித்து, பிறகு வீடே அதிரும்படி வீறிட்டது. மகள் துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"என்னாச்சுப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. பல்லு வருது. ஈறு கிழிஞ்சுதானே வரும்?"

விரலைவிட நாக்கு வேகமாக வேலை செய்தது.

"மூணு மாசத்துலயேவா?"

"எச்சி வடியுதா இல்லையா? கைய கைய வாயில வெக்கிறாளா இல்லையா? எல்லாம் பல்லு வர்ற அறிகுறிதான். எங்கிட்டயே சந்தேகமா?"

அவளுக்கு ஏன் சந்தேகம் வரப்போகிறது? அப்பா சொன்னால் வேதவாக்கு. உடனே கணவனுக்கும் மாமியாருக்கும் போன் போட்டுச் சொன்னாள். பக்கத்து அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் அச்சுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். போய் உண்மையைச் சொல்ல இரண்டு தடவை எழுந்தார். இரண்டு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அன்றிரவு குழந்தை பால் குடிக்க மறுத்தது. வாய் வைக்கும், அழும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காலையில் குழந்தை டாக்டரிடம் போனார்கள். சம்பந்தியம்மா நேராக அங்கேயே வந்துவிட்டார்.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். "இது பல்லு இல்லைங்க. பிறந்த குழந்தைங்க நிறைய பேருக்கு இந்த மாதிரி வெள்ளை முண்டு இருக்கும். ஒண்ணும் பண்ணாது, தானா உதிர்ந்துடும். மூணு மாசத்துல எச்சி வடியறதும் கைய சப்பறதும் எல்லாக் குழந்தைக்கும் உண்டு. அதெல்லாம் பல்லுக்கு அடையாளம்னு எடுத்துக்க முடியாது." பிறகு நிமிர்ந்தார். "ஆனா ஒண்ணைக் கீறியிருக்கீங்களே, யாரு?"

சம்பந்தியம்மாவின் பார்வை நேரே மருமகளின் விரல்களுக்குப் போனது. "அன்னிக்கே சொன்னேன், கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு நகம் வளர்க்காதேன்னு."

மகள் விரல்களை மடக்கிக்கொண்டாள். "பால் குடிச்சதும் துணியால துடைச்சு விடுவேன் டாக்டர்... அப்ப பட்டிருக்கும் போல."

அச்சுக்காரர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், தப்பித்துவிடலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டவர்தான். ஆனால் அந்தச் சோற்றை மகள் தன் இலையில் வாங்கிக்கொள்வாள் என்று அவர் நினைக்கவில்லை.

"அவ இல்லைங்க. நான்தான்," என்றார். "நகத்தால சுண்டிட்டேன்."

"சுண்டினீங்களா? எதுக்கு?"

பட்டறை, பசை, மாவு, குமிழி எல்லாவற்றையும் நின்றபடியே சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல அவருக்கே தான் பேசுவது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. சம்பந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது அச்சுக்காரருக்கு.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சின்னக் கீறல், ஆறிடும். வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ கூட்டிட்டு வாங்க. அந்த இன்னொண்ணுல மட்டும் தயவுசெஞ்சு கை வெக்காதீங்க."

வெளியே வந்து வண்டிக்காக நின்றபோது மகள் அவர் பக்கம் திரும்பாமலே பேசினாள். "நேத்தே சொல்லியிருக்கலாம்லப்பா. புள்ளைக்குப் பால் குடுக்கக்கூடத் துப்பில்லாதவளாப் போயிட்டேனேன்னு ராத்திரியெல்லாம் என்னையே திட்டிக்கிட்டுக் கெடந்தேன்."

மகள் குழந்தையை அவர் நின்ற பக்கத்திலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். வெயிலுக்காகவும் இருக்கலாம். அவர் அப்படி நினைக்கவில்லை.

அன்றே நகத்தை ஒட்ட வெட்டினார். மறுநாள் அவர் கத்தியைத் தேடுவதைப் பார்த்து, பட்டறையில் பல்லுக்குப் பாலிஷ் போடுகிறவர், "என்ன மாமா, ஆயுதத்தக் கீழ போட்டுட்டீங்களா?" என்று கேலி செய்தார். அச்சுக்காரர் காதில் விழாதவர்போல மாவைக் கரைத்தார். தெருவில் பல்வலி என்று வந்தவர்களை டாக்டரிடம் போகச் சொன்னார். பேத்தியைக் கேட்டு வாங்கித் தூக்குவதையும் விட்டுவிட்டார். மடியில் போட்டால் வைத்துக்கொள்வார், கை மட்டும் அவள் முகத்தின் பக்கம் போகாது. புண் ஆறியது. இன்னொரு முண்டு, யாரும் தொடாமலே, ஒருநாள் காணாமல் போயிருந்தது.

பேத்தி தவழ ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "அப்பா, இப்ப நெசமாவே பல்லு! வந்து பாருங்க!"

அவர் வாசற்படியிலேயே நின்றார், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு.

"தொட்டுப் பாருங்கப்பா."

"இங்கேர்ந்தே நல்லா தெரியுதும்மா."

அங்கிருந்து ஒன்றும் தெரியாது. மகளுக்கும் அது தெரியும். அவள் எழுந்து வந்து அவர் வலது கையைப் பின்னாலிருந்து விடுவித்தாள். கட்டைவிரலை ஈரத்துணியால் துடைத்தாள். அவரை இழுத்துவந்து உட்கார வைத்து, அந்த விரலைக் குழந்தையின் வாயில் வைத்தாள்.

குழந்தை கடித்தது. புதுப் பல், சுருக்கென்று இறங்கியது. அவர் கண்கள் கலங்கின.

"வலிக்குதா? எடுத்துடுங்கப்பா."

"வேணாம்மா," என்றார். "கடிக்கட்டும்."

பேத்தி தானாக விடும்வரை அவர் விரலை எடுக்கவில்லை.