சித்தியை அனுப்பிவைத்த இதழ்

செத்துப்போன ஒரு பெண்ணுக்கு முக்தி கொடுத்துவிடலாம் என்று மூன்று ஆண்கள் ஏசி அறையில் உட்கார்ந்து முடிவு செய்ததை நான் எதிரில் இருந்து பார்த்தேன். நடுவில் சமோசா வந்தது. சட்னியில் காரம் போதவில்லை என்று ஒருவர் குறைப்பட்டார். அவள் ஒளியாகக் கரைந்து போவதற்கு இரண்டு பக்கம் போதுமா, மூன்று வேண்டுமா என்று பேசினார்கள். எனக்கு அந்த மேஜையைப் புரட்டிப் போட்டுவிட்டு வந்துவிடலாம் போல இருந்தது.

அவர்களைப் பொறுத்தவரை அவள் எங்கள் கம்பெனியின் காமிக்ஸ் நாயகி. வெளியிலிருந்து பூட்டிய கதவுக்குப் பின்னால் ஆட்கள் மாட்டிக்கொண்டால் வருவாள். கை வைத்தால் பூட்டு உருகி வழியும். பிறகு பூட்டியவனைத் தேடிப் போவாள். கதை, படம் இரண்டும் நான்தான். ஆனால் அவள் என் சித்தி, அம்மாவின் தங்கை. இது அந்த அறையில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

சித்தி பம்பாய் தாராவியில் ஒரு தையல் கார்கானாவில் வேலை பார்த்தாள். ஒரே அறை, வரிசையாக மிஷின்கள், தெருப்பக்கம் ஒரு ஷட்டர், அவ்வளவுதான். அவசர ஆர்டர் வந்தால் பிள்ளைகள் நழுவிவிடக் கூடாதென்று முதலாளி ஷட்டரை இறக்கி வெளியே பூட்டுவார். அப்படிப் பூட்டிய ஒரு மத்தியானம் உள்ளே தீப்பிடித்தது. முதலாளி சாவியோடு மாட்டுங்காவில் ஆர்டர் கொடுத்த பார்ட்டியைப் பார்க்கப் போயிருந்தார். தெருக்காரர்கள் கடப்பாரை கொண்டு நெம்பித் திறந்தபோது மற்றவர்கள் புகையோடு தப்பினார்கள். சித்தி கடைசி மிஷினில் இருந்தவள், தப்பவில்லை. கரண்ட் கோளாறு என்று எழுதி கேஸை மூடிவிட்டார்கள். அந்த முதலாளி எங்கள் ஜில்லாக்காரர்தான். அண்ணாச்சி என்றுதான் கூப்பிட வேண்டும், கூப்பிட்டோம்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணம் ஆகாமல் அநியாயமாகச் செத்த பெண் எங்கள் வீடுகளில் கன்னி. அவளுக்குப் பாவாடை தாவணி எடுத்து, ஓலைப்பெட்டியில் மடித்து வைத்து, உயரத்தில் கட்டித் தொங்கவிடுவோம். தாராவி வீட்டில் எங்களுக்கு உயரம் என்றால் ஃபிரிட்ஜுக்கு மேலேதான். வருஷத்துக்கு ஒரு தடவை இறக்கி, துணியை அலசிக் காயப்போட்டு, பூவும் வளையலும் மாவிளக்கும் வைத்துப் படைப்போம். பேயை ஓட்டுவது மாதிரி அவளை யாரும் ஓட்ட மாட்டார்கள். போய் வா என்றுகூடச் சொல்வதில்லை. அவள் வீட்டு ஆள், வீட்டில்தான் இருப்பாள்.

கம்பெனியில் அமானுஷ்யமான ஒரு நாயகி வேண்டும் என்று கேட்டபோது எனக்கு வேறு யாரும் தோன்றவில்லை. அம்மாவிடம் அனுமதி கேட்டேன். அம்மா கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டு, "எழுது. அவ அவனுவள கேள்வி கேக்கட்டும். ஆனா ஏட்டி, அவள எங்கயும் அனுப்பி மட்டும் வச்சிராத" என்றாள்.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எங்கள் காமிக்ஸ் ஹிந்தியில்தான் வந்தது; அதன் பக்கங்களைத் தாராவிப் பையன்கள் போனில் படம் எடுத்து அனுப்பி, அது கார்கானா கார்கானாவாகச் சுற்றியது. யாரோ அண்ணாச்சியின் ஷட்டரில் சாக்பீஸால், சித்தியின் சாயலில் நான் போட்டிருந்த அவள் முகத்தை வரைந்துவிட்டார்கள். அண்ணாச்சி இப்போது பை தைக்கிற பெரிய கார்கானா வைத்திருந்தார், அதே தெருவில்தான். பூட்டுகிற பழக்கமும் அவரை விட்டுப் போகவில்லை. எந்த ஆபீஸருக்கும் பயப்படாத மனிதர். ஆனால் கன்னி என்றால் என்னவென்று தெரிந்த மனிதர். படத்தைத் துடைக்கவில்லை. அடுத்த வாரம் அம்மா போன் செய்தாள்.

"ஏளா, அண்ணாச்சி ஷட்டர பாதியோட நிப்பாட்டிருக்காரு. பூட்டையே காணோம். பிள்ளைய எல்லாம் குனிஞ்சு குனிஞ்சு டீ குடிக்க வெளிய வருதுவ!"

அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. சட்டமும் போலீஸும் செய்யாததை என் பென்சில் செய்துவிட்டது என்று, நான் குடியிருக்கும் செம்பூர் வீட்டில் தனியாக உட்கார்ந்து நானும் சிரித்தேன்.

அப்போதுதான் கம்பெனிக்கு மகா சங்கமம் என்ற ஆசை பிடித்தது. ஒரே பெரிய கதையை எல்லா நாயகர்களின் இதழ்களிலும் துண்டு துண்டாக ஓடவிடுவது. முழுக்கதை வேண்டுமானால் வாசகன் அத்தனை இதழையும் வாங்கியாக வேண்டும். பம்பாயை இருள் விழுங்குகிறது, சூரிய வேல் வைத்திருக்கிற நாயகன் காப்பாற்றுகிறான், மற்றவர்கள் எல்லாம் அவனுக்குக் கைகொடுக்கிறார்கள். கம்பெனிக்குச் செல்லப்பிள்ளை அவன். என் நாயகியின் இதழ் கடைசிக்கு முந்தியது. அதில் அவள் தன்னைப் பூட்டி எரித்தவனை நேருக்கு நேர் சந்திக்கிறாள். வேல்காரன் தோளில் கை வைத்து, கோபம் உன்னைத்தான் எரிக்கிறது, மன்னித்துவிடு என்கிறான். அவள் அழுகிறாள், மன்னிக்கிறாள், கரைகிறாள். அவளுடைய நெருப்பு முழுவதும் அவன் வேலில் போய் ஏறுகிறது. கடைசி இதழில் அவன் அதை வைத்து ஜெயிக்கிறான்.

கோபம் யாரை எரித்தது? இவர்கள் வீட்டில் யாராவது எரிந்தார்களா? செத்தவளிடம் மிச்சம் இருந்தது அந்தக் கோபம் ஒன்றுதான். அதையும் பிடுங்கி ஒரு கட்டுமஸ்தான பயலின் ஆயுதத்துக்குச் சார்ஜ் போடுகிறார்கள்.

அந்தச் சமோசா மேஜையில் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். கன்னியை அனுப்பக் கூடாது, அனுப்பினால் அந்த வீட்டுக்கு ஆளில்லை என்று அர்த்தம் என்றேன். எடிட்டர் நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "அலைந்துகொண்டிருக்கிற ஆத்மாவுக்கு முக்தியைவிட அழகான முடிவு எது?" என்று ஹிந்தியில் சொன்னார். அவள் அலையவில்லை என்பதை அவர் மண்டைக்குள் ஏற்ற என்னால் முடியவில்லை. நான் வரைய மாட்டேன் என்றேன். அதனால் என்ன, பாத்திரம் கம்பெனியுடையது. வேறொருவர் வரைந்தார். அட்டையில் என் பெயரையும் போட்டுவிட்டார்கள், உருவாக்கியவர் என்று. இதழ் நன்றாக விற்றது. அழுதுவிட்டோம் என்று வாசகர்கள் எழுதினார்கள். அழட்டும்.

அம்மாவுக்கு ஹிந்தி படிக்கத் தெரியாது. படம் பார்த்தே புரிந்துகொண்டாள். கடைசிப் பக்கத்தில் வெறும் வெளிச்சம் மட்டும் இருந்தது. இதழை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். நான் வரையலம்மா என்று பின்னாலேயே போய்ச் சொன்னேன். "உன் பேரு போட்டிருக்குல்லா" என்றாள்.

பிறகு செம்பூரில் ஒரு கல்யாணம். பந்தியில் இருந்து எழுந்து கை கழுவ வரும்போது அண்ணாச்சி எதிரில் நின்றார். அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"தங்கச்சி, பேரன் அந்தப் புஸ்தகத்த வாசிச்சுக் காட்டுனான். மன்னிச்சுப் போயிட்டாளாமே. உம்மக கைக்கு மோதிரந்தான் போடணும். எத்தன வருசத்துப் பாரம், இப்பந்தான் நிம்மதியாத் தூங்குதேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. உண்மையாகவே கலங்கியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையை அழுத்திப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். ஆட்டோ பிடித்தாள். நேராகத் தாராவிக்குப் போகச் சொன்னாள்.

அந்தத் தெருவில் அண்ணாச்சியின் ஷட்டர் தரைவரை இறங்கியிருந்தது. புதுப் பூட்டு. உள்ளே மிஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. அம்மா ஷட்டரைத் தட்டி, உள்ளே எத்தனை பேர் என்று கேட்டாள். "சேட் சாவி எடுத்துட்டுப் போயிட்டாரு ஆன்ட்டி, ஷாதிக்கு, கல்யாணத்துக்கு" என்று ஒரு பெண்ணின் குரல் சொன்னது.

நாங்கள் அங்கேயே நின்றோம். அண்ணாச்சிக்குப் போன் போட்டுத் தீ தீ என்று நான் கத்தியதை இப்போதும் தப்பென்று நினைக்கவில்லை. பட்டுவேட்டியோடு ஓடிவந்தார். தீ இல்லை என்று பார்த்ததும் முகம் மாறியது. "என்ன விளையாட்டு இது? அவதான் போயிட்டாளே, நீங்கதானே புஸ்தகத்துல போட்டிருக்கிய" என்று என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

அம்மா கொண்டையை அவிழ்த்தாள்.

எங்கள் வீட்டில் யாருக்கும் சாமி வந்ததில்லை. ஊர்க் கோயில் கொடையில் மற்றவர்கள் சாமியாடும்போது அம்மா ஓரமாக நின்று பார்க்கிறவள், அதுவும் கொஞ்சம் நம்பாமல். அன்றைக்குத் தலைமுடி முகத்தில் விழ, கல்யாணப் புடவையோடு, நடுத்தெருவில் அவள் உடம்பு உதறியது. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விட்டாள். சித்தியின் குரல் எனக்கு ஞாபகமில்லை. ஆனால் வந்தது அம்மாவின் குரல் இல்லை.

"நான் எங்கல போனேன்? எவன்ல என்ன அனுப்புனது? தொறல!"

அண்ணாச்சிக்குச் சாவி கையில் நிற்கவில்லை, கீழே விழுந்தது. நான் எடுத்துத் திறந்தேன். ஷட்டரை மேலே தள்ளியதும் உள்ளிருந்த பெண்கள் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். என்ன ஆச்சு என்று ஒருத்தி ஹிந்தியில் கேட்டாள். அண்ணாச்சி கைகட்டி நின்றார்.

அம்மா கொஞ்ச நேரம் ஷட்டர் ஓரத்துப் படியில் உட்கார்ந்தாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, முடியை அள்ளி முடிந்துகொண்டாள். உண்மையா நடிப்பா என்று நான் அப்போதும் கேட்கவில்லை, இன்றுவரைக்கும் கேட்கவில்லை. அம்மா எழுந்து, புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, எப்போதும் பேசுகிற குரலில் மரியாதையாகச் சொன்னாள்.

"பூட்ட வீட்டுக்குக் கொண்டு போயிருங்க, அண்ணாச்சி. அவ நாளைக்கும் வருவா."